வருஷத்துக்கு 50 புத்தகமா, 200 மணி நேரமா? வாசிப்புச் சவாலில் எதை எண்ணுவது?

ஜனவரி முதல் வாரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இரண்டு படங்கள் கட்டாயம் வரும். ஒன்று, ஜிம் வாசலில் எடுத்த செல்ஃபி. இன்னொன்று, மேஜையில் அடுக்கிய புத்தகங்கள். கீழே 'இந்த வருஷம் 50 புக்' என்று ஒரு வரி. சரவணம்பட்டி ஐடி அலுவலகத்தில் இருப்பவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர், ஈரோட்டில் வங்கி வேலையில் இருப்பவர் என்று இப்படிப் போட்டவர்கள் எல்லோருடைய கான்டாக்ட் லிஸ்டிலும் நாலு பேராவது இருப்பார்கள்.

பொங்கல் லீவு வரைக்கும் எல்லாம் ஜோராகத்தான் போகும். மார்ச்சில் கணக்கு முடிப்பு, அப்ரைசல் என்று வேலை நெருக்கும்போது எண்ணிக்கை ஆறிலோ ஏழிலோ நின்றுவிடும். குரூப்பில் மற்றவர்கள் பதினைந்தைத் தாண்டியிருப்பார்கள். கூச்சமாக இருக்கும், மியூட் போட்டுவிடுவோம். சவாலுக்கு முன்னால் மாதம் ஒரு புத்தகமாவது படித்துக்கொண்டிருந்த ஆள், 'நமக்கெல்லாம் இது சரிப்படாதுங்க' என்று அதையும் நிறுத்திவிடுவது உண்டு. ஐம்பது எட்டாமல் போனதைவிட இந்த நஷ்டம் பெரியது.

அப்படியானால் ஆன்லைன் வாசிப்புச் சவால்களால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது. ஆனால் எதை எண்ணுகிறோம், யாரோடு சேர்ந்து படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் கொங்கு மண்டலத்திலேயே நல்ல உதாரணங்கள் கிடைக்கின்றன.

பொன்னியின் செல்வன் ஒன்றா, ஐந்தா?

இன்று நாம் பார்க்கும் வருடாந்தர சவாலைப் பரவலாக்கியது குட்ரீட்ஸ். 2007-ல் வந்த இந்தத் தளம், 2011-ல் வாசிப்புச் சவாலை அறிமுகப்படுத்தியது. 2013-ல் அமேசான் அதை வாங்கியது. செய்ய வேண்டியது ரொம்ப எளிது. வருடத் தொடக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புத்தகம் முடிக்கும்போதும் பட்டை கொஞ்சம் நகரும். பின்தங்கினால், 'இரண்டு புத்தகம் பின்னால் இருக்கிறீர்கள்' என்று அதுவே சொல்லும். இஎம்ஐ கட்டத் தவறினால் வரும் மெசேஜ் மாதிரி இருக்கும் அது.

இங்கே எண்ணப்படுவது புத்தகம். சிக்கலும் அங்கேதான். 80 பக்கக் கவிதைத் தொகுப்பும் ஒன்று, 800 பக்க நாவலும் ஒன்று. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அதை ஒன்று என்று போடுவதா, ஐந்து என்று போடுவதா? குரூப்புகளில் இந்த வாக்குவாதம் வராத வருடம் இல்லை. ஜெயமோகனின் வெண்முரசு இன்னும் மோசம். 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியான அந்தத் தொடர், மொத்தம் 26 நாவல்கள். ஒன்று என்று எண்ணினால் அந்த வருடச் சவால் படுத்துவிடும்.

இப்படி இருக்கும்போது மனசு தானாகவே ஒல்லிப் புத்தகங்களைத் தேடிப் போகும். டிசம்பர் கடைசி வாரத்தில் குரூப்பில் வரும் பட்டியலைப் பாருங்கள், குறுநாவலும் சிறுவர் கதைகளும்தான் வரிசையாக இருக்கும். குறுநாவல் படிப்பதில் தப்பே இல்லை. கணக்குக்காக மட்டும் அதை எடுத்தால்தான், வாங்கி வைத்த கனமான புத்தகம் அலமாரியிலேயே மூன்று வருடம் தூங்கும். இதை உணர்ந்துதான் ஸ்டோரிகிராஃப் போன்ற புதிய செயலிகள் புத்தக எண்ணிக்கையோடு பக்க எண்ணிக்கையையும் இலக்காக வைத்துக்கொள்ள வழி செய்திருக்கின்றன.

ஆயிரம் மணி நேரம் என்றால்?

தமிழ் வாசகர்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். காரைக்குடியைச் சேர்ந்த எழுத்தாளர் சுனில் கிருஷ்ணன் முன்னெடுத்த 'ஆயிரம் மணி நேர வாசிப்பு' சவால் அது. எத்தனை புத்தகம் என்ற கேள்வியே இல்லை. எவ்வளவு நேரம் படித்தீர்கள் என்பதுதான் கணக்கு.

ஒரு வருடத்தில் ஆயிரம் மணி நேரம் என்றால் தினமும் கிட்டத்தட்ட 2 மணி 44 நிமிடம். காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறி, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற ஒருவருக்கு இது மலைப்பான எண்தான். ஆனால் இந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. தடித்த புத்தகத்தை எடுத்தால் அபராதம் இல்லை. ஒரு பத்தியைத் திரும்ப மூன்று தடவை படித்தாலும் நேரம் வீணாவதில்லை, கணக்கில் ஏறும். முக்கியமாக, பாதியில் வைத்த புத்தகத்துக்குச் செலவழித்த நேரமும் சேரும். பிடிக்காத புத்தகத்தைக் கணக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க வேண்டியதில்லை.

ஓட்டைகளும் உண்டு. கையில் புத்தகம், பக்கத்தில் போன். நடுவில் நாலு ரீல்ஸ் பார்த்த நேரத்தைக் கழிப்பது யார்? ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே காதில் ஆடியோ புத்தகம் கேட்டால் அது வாசிப்பா? ஒவ்வொரு குரூப்பும் ஒவ்வொரு விதி வைத்திருக்கும். கடைசியில் மனசாட்சிதான் ரெஃபரி.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஆயிரம் வேண்டாம், நமக்கு ஏற்ற எண் எது? அதற்கு முதலில் உங்கள் வேகம் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து மார்க் பிரிஸ்பேர்ட் 2019-ல் கணக்கிட்டார். அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்பது தமிழில் ஒரே சொல். அதை ஆங்கிலத்தில் சொல்ல அஞ்சாறு சொல் வேண்டும். அதனால் சொல் கணக்கை விட்டுவிட்டு, இப்போது படிக்கும் புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் எண் அதுதான்.

பக்கத்துக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 300 பக்க நாவலுக்கு 10 மணி நேரம். 50 நாவல் என்றால் 500 மணி நேரம், அதாவது லீவு நாள் உட்பட தினமும் 1 மணி 22 நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஜனவரியில் 50 என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மாறாக வருடத்துக்கு 200 மணி நேரம் என்று வைத்தால் தினம் 33 நிமிடம், வருட முடிவில் 20 நாவல். மாதம் ஒரு நாவல் போதும் என்றால் தினம் 20 நிமிடம்கூட ஆகாது. உக்கடத்திலிருந்து கணபதி போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரே டிரிப்பில் முடிந்துவிடும். இடம் கிடைத்தால்!

இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருப்பது 300 மணி நேரம். அந்த நேரத்தை எங்கிருந்து எடுக்கப்போகிறோம் என்று எழுதி வைக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் மார்ச்சில் மாட்டிக்கொள்வோம். உங்கள் போனின் செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைம் என்ற இடத்தைத் திறந்து பார்த்தால் எங்கிருந்து எடுக்கலாம் என்பதற்கு ஓரளவு பதில் கிடைக்கும்.

கோவையில் தேதி குறித்துப் படிப்பவர்கள்

எண்ணிக்கை ஆரம்பித்து வைக்கும். தொடர வைப்பது அநேகமாக மனிதர்கள்தான். இதற்குக் கோவையைவிட நல்ல ஊர் தேட வேண்டியதில்லை.

ஜெயமோகனின் வாசகர்கள் 2009-ல் தொடங்கிய விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் கோவையை மையமாகக் கொண்டது. 2010-ல் ஆ. மாதவனுக்குக் கொடுத்ததில் ஆரம்பித்து ஒவ்வொரு வருடமும் ஒரு மூத்த எழுத்தாளருக்கு விருது தருகிறார்கள். பூமணி, தேவதேவன், ஞானக்கூத்தன், வண்ணதாசன், ராஜ் கௌதமன், விக்ரமாதித்யன், சாரு நிவேதிதா, யுவன் சந்திரசேகர் என்று பட்டியல் நீளும். டிசம்பரில் கோவையில் நடக்கும் விழாவின் சிறப்பு, மேடைப் பேச்சைவிட அதற்கு முந்தைய அமர்வுகள். எழுத்தாளர் எதிரே உட்கார்ந்திருப்பார், வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். படிக்காமல் போனால் கேட்க ஒன்றும் இருக்காது. விருது அறிவிப்பு வந்ததும் அந்த எழுத்தாளரின் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. யாரும் சவால் என்று பெயர் வைக்காத ஒரு சவால் இது; டெட்லைன் மட்டும் கறாரானது. 2020 ஊரடங்கில் இதே நண்பர்கள் ஜூமில் எழுத்தாளர்களோடு உரையாடல்களை நடத்தியபோது, விமானம் ஏறி வர முடியாத வெளிநாட்டுத் தமிழர்களும் அதே கேள்வி நேரத்துக்குள் வந்துவிட்டார்கள்.

அதே வாசகர்களின் நீட்சியாக இயங்குவது சொல்முகம் வாசகர் குழுமம். மாதாந்தரக் கூடுகை. ஓர் அமர்வு வெண்முரசுக்கு, நாவல் நாவலாக வரிசைப்படி. இன்னோர் அமர்வு வேறொரு நூலுக்கு. 26 நாவல்களைத் தனியாக ஒருவர் படித்து முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் அடுத்த கூடுகைக்கு இந்த நாவல் என்று தேதி போட்டுவிட்டால் கை தானாகப் புத்தகத்தை எடுக்கும். 'ஏனுங்க, நீங்க இன்னும் முடிக்கலையா?' என்று ஒருவர் கேட்பார் என்ற பயம் எந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷனைவிடவும் பலமானது.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. 1960-களில் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி சென்னையில் நடத்திய 'வாசகர் வட்டம்', முன்பணம் கட்டிய உறுப்பினர்களுக்குப் புத்தகங்களை அனுப்பிவைத்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' அப்படி வாசகர் கைக்குப் போன புத்தகம்தான். 2005-லிருந்து ஈரோட்டில் புத்தகத் திருவிழா நடத்திவரும் மக்கள் சிந்தனைப் பேரவை, பள்ளிப் பிள்ளைகளிடம் உண்டியல் கொடுத்து, வருடம் முழுக்கச் சேர்த்த காசில் ஆகஸ்டில் புத்தகம் வாங்க வைத்தது. பிளாஸ்டிக் உண்டியலில் விழும் சில்லறைச் சத்தத்துக்கு முன்னால் எந்த ப்ரோக்ரஸ் பாரும் நிற்காது.

சில பக்கங்கள் மட்டும் பரவினால்

புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு நாலு பேர் உட்கார்ந்து பேசுவது ஒரு பொழுதுபோக்கு என்று நினைக்கலாம். கொங்கு மண்டலத்துக்கு அது பொழுதுபோக்கு மட்டுமில்லை என்று காட்டிய சம்பவம் திருச்செங்கோட்டில் நடந்தது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளியானது 2010-ல். நான்கு வருடம் அது சாதாரணமாக விற்றுக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில் திடீரென்று எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் பரவின. கோபப்பட்டவர்களில் பலருடைய கைக்கு வந்தது அந்த நகல்கள்தான், நாவல் அல்ல. கடையடைப்பு, பேச்சுவார்த்தை என்று நீண்டு, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே ஃபேஸ்புக்கில் அறிவிக்கும்படி ஆனது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஒரு நூல் பிடிக்கவில்லை என்றால் அதைப் படிக்காமல் விடும் உரிமை வாசகருக்கு இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான வாதங்களில் ஒன்று. அதன்பின் அவர் மீண்டும் எழுத வந்தார். 'பூக்குழி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே வருடம் 'ஆளண்டாப் பட்சி'யின் மொழிபெயர்ப்பு ஜேசிபி பரிசை வென்றது.

நாவல் மீது யாருக்கும் விமர்சனம் இருக்கலாம். அதை விவாதிக்க முதலில் முழுப் புத்தகமும் வேண்டும். நாமக்கல்லில் பெருமாள்முருகன் வீட்டு மொட்டை மாடியில் நடந்த 'கூடு' ஆய்வுச் சந்திப்புகள் அப்படிப்பட்ட இடமாகத்தான் இருந்தன. மாணவர்களும் ஆய்வாளர்களும் படித்துவிட்டு வந்து பேசினார்கள்.

அன்று ஜெராக்ஸ், இன்று ஸ்கிரீன்ஷாட். ஒரு நாவலின் பாத்திரம் பேசும் வசனத்தை வெட்டி, எழுத்தாளரின் கருத்து என்று போட்டால் பத்தே நிமிடத்தில் நூறு குரூப்புக்குப் போய்விடும். அந்த நூறில் ஒரு குரூப்பிலாவது 'நான் இதை முழுசாப் படிச்சேனுங்க, அந்த வசனத்தைப் பேசுறது வில்லன்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் நல்லது. புத்தகக் குழுக்கள் உருவாக்கும் ஆள் அதுதான். ஆனால் 'முடித்தேன், 5/5' என்று ஸ்டார் மட்டும் போட்டுவிட்டுப் போகும் சவால் குழுவில் அப்படி ஒருவர் உருவாவது கஷ்டம். படித்ததைப் பற்றி நான்கு வாக்கியமாவது எழுத வேண்டும் என்று விதி வைத்திருக்கும் குழுவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

குரூப்பில் சேரும் முன் பார்க்க வேண்டியது

நானூறு பேர் இருக்கும் குரூப்பைவிட பதினைந்து பேர் இருக்கும் குரூப் மேல். நானூறில் பேசுகிறவர்கள் எட்டுப் பேர்தான் இருப்பார்கள். மீதி காலை வணக்கம். மாதத்துக்கு ஒரே ஒரு பொதுப் புத்தகம், மற்றது அவரவர் விருப்பம் என்றிருந்தால் பேசவும் விஷயம் இருக்கும், சுதந்திரமும் இருக்கும். கதையின் முடிவைப் போட்டு உடைப்பவர்களைக் கண்டிக்கிற அட்மின் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் பிடிக்கவில்லை என்று சொன்னால் பாய்ந்து வருகிறார்களா என்பது இன்னும் முக்கியம்.

அப்புறம் பிடிஎஃப். 'யாராவது பிடிஎஃப் இருந்தா போடுங்க ப்ளீஸ்' என்ற மெசேஜ் வராத வாசிப்பு குரூப் அபூர்வம். நேற்று வெளிவந்த நாவலை ஸ்கேன் செய்து சுற்றில் விடுவது திருட்டு. தமிழில் சில நூறு பிரதிகளை நம்பி இயங்கும் சின்னப் பதிப்பாளருக்கு நேரடி அடி. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. கல்கியும் புதுமைப்பித்தனும் அப்படிக் கிடைப்பவர்கள். 1998-லிருந்து தன்னார்வலர்களால் நடந்துவரும் மதுரைத் திட்டம், 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகிய மூன்றிலும் சட்டப்படி இலவசமாகப் படிக்க ஒரு வருடச் சவாலுக்கு மேலேயே இருக்கிறது. மாவட்ட மைய நூலக உறுப்பினர் அட்டையை மறந்துவிட வேண்டாம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கோவைக்காரர்களுக்கு டவுன்ஹால் ராஜ வீதியில் விஜயா பதிப்பகம் இருக்கிறது. ஜூலையில் கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழாவும் உண்டு.

முதல் புத்தகமாக எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், இந்த மண்ணிலிருந்தே ஒன்று: ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-ல் வந்தது. தமிழ் வட்டார நாவலின் முன்னோடி என்று விமர்சகர்கள் குறிப்பிடும் நாவல். கணவனை இழந்த ஒரு கொங்குப் பெண் குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அதிலிருந்து எல்லாம் கிளம்புகிறது. எழுதும்போது ஆசிரியருக்கு வயது இருபதுகளில்தான். நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு என்பது இன்றும் பல வீடுகளில் சத்தம் குறைத்துப் பேசப்படும் விஷயம் என்பதால், குழுவில் பேச ஆரம்பித்தால் கூட்டம் சீக்கிரம் முடியாது. சின்னப் புத்தகம்தான். மதியம் கோவை எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால் காட்பாடி தாண்டுவதற்குள் கடைசிப் பக்கம் வந்துவிடும்.